டுப்ரோவ்னிக் மதில் மேல் ஒரு பகல்: ஒரு குரூஸ் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பதிவின் நோக்கம்

2024ஆம் ஆண்டு கோடையில் ஒரு தமிழ்க் குடும்பம் குரூஸ் கப்பலில் கிரேக்கத்திலிருந்து குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் நகருக்கு வந்து, அதன் பழைய மதில் நகரைத் தாங்களாகவே சுற்றிப் பார்த்த ஒரு பகலை இது பதிவு செய்கிறது. அவர்களோடு நான் பயணம் செய்யவில்லை. ஊர் திரும்பிய பிறகு குடும்பத்தின் பெரியவர்களிடமும் பேரனிடமும் தனித்தனியே கேட்டு, அவர்கள் எடுத்த படங்களின் நேரக்குறிப்புகளோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். பெயர்களும் கப்பலின் அடையாளமும் அவர்கள் விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் நேரம் அனைத்தும் டுப்ரோவ்னிக் நகரின் உள்ளூர் நேரமே. அதை ஏன் இங்கேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது என்பது பின்னால் விளங்கும்.

குடும்பமும் பயணமும்

ஆறு பேர்: 71 வயதுப் பெரியவர், அவருடைய மனைவி (68), மகன், மருமகள், 14 வயதுப் பேரன், 9 வயதுப் பேத்தி. மூத்த பெண்மணிக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை எடுத்துக்கொள்பவர். முழங்கால் வலி இருந்தாலும் நடக்கத் தயங்காதவர். மருமகள் வீட்டிலும் பயணத்திலும் அவருடைய குளுக்கோமீட்டரைக் கைப்பையிலேயே வைத்திருப்பார். இந்தப் பழக்கம் அன்று பெரிதும் உதவியது.

கப்பல் முந்தைய நாள் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் இருந்தது. கிரேக்க நேரம் குரோவேஷிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் செல்வது. சில கப்பல்கள் துறைமுகம் மாறும்போது தங்கள் கடிகாரத்தையும் மாற்றிக்கொள்ளும். பயணத்தின் பெரும்பகுதி ஒரே நேர மண்டலத்தில் இருந்தால், இடையில் வரும் ஒரு நாளுக்காக மாற்றாமல் விட்டுவிடும் கப்பல்களும் உண்டு. இந்தக் கப்பல் இரண்டாம் வகை. முந்தைய இரவு அறைக்கு வந்த நிகழ்ச்சி நிரல் தாளில், “கப்பல் நேரம் மாற்றப்படவில்லை” என்ற வரி ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருந்தது. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், அனைவரும் கப்பலேற வேண்டிய நேரம் மாலை 4.30 என்றிருந்தது. கரையில் அது பிற்பகல் 3.30. கப்பல் புறப்படுவது கரைநேரப்படி 4 மணி. மகன் அந்தத் தாளைத் தன் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டார். சிறு கட்டத்தைப் படித்ததாகவும் அவருக்கு நினைவிருக்கிறது. கரையிறங்கியதும் குரோவேஷிய அலைவரிசையைப் பிடித்த கைப்பேசி, தன் கடிகாரத்தைத் தானாகவே ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தியது. அதை யாரும் கவனிக்கவில்லை. பெரியவரின் கைக்கடிகாரம் மட்டும் கப்பல் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

கப்பல் நிறுவனம் நடத்தும் கரைச்சுற்றுலாவை அவர்கள் எடுக்கவில்லை. ஆறு பேருக்கான கட்டணம் அதிகம் என்பதோடு, குழுவின் வேகத்துக்கு முதியவர்களால் ஈடுகொடுக்க முடியாது என்பதும் காரணம். இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால், கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. தனியே செல்வோர், திரும்பி வரும் நேரத்தை உறுதி செய்யும் பொறுப்பைத் தாங்களே ஏற்கிறார்கள்.

நகரின் அமைப்பு: ஏன் அது முக்கியம்

டுப்ரோவ்னிக்கின் மதில் சுமார் 1,940 மீட்டர் நீளமானது. சில இடங்களில் 25 மீட்டர் உயரம். நிலப்பக்கம் 4 முதல் 6 மீட்டர் தடிமன். கடலே பாதி காவல் என்பதால் கடற்பக்கம் 1.5 முதல் 3 மீட்டர்தான். ரகூசா குடியரசு என்ற பெயரில் 1808 வரை தன்னாட்சியோடு இருந்த இந்த வணிக நகரம், எதிரி உள்ளே வராதபடி கட்டப்பட்டது. உள்ளே வருவது கடினமாக இருக்க வேண்டும் என்ற நோக்கில் கட்டிய நகரில், இன்று வெளியே போவதும் அதே அளவுக்குக் கடினம். மேற்கே பிலே வாயில், கிழக்கே ப்ளோச்சே வாயில், பழைய துறைமுகத்தை நோக்கிய வாயில்கள், வடக்கே பிற்காலத்தில் திறந்த புஜா என்ற சிறு வாயில் ஆகியவற்றைத் தவிர வேறு வழியில்லை. கூட்டம் முழுவதும், குறிப்பாக பிலே வாயிலில், ஒரு புட்டிக் கழுத்தில் போல நெருக்குகிறது.

மதிலின் மேல்நடையும் அப்படித்தான். ஒரே திசையில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் நடக்க விடுகிறார்கள். ஏறி இறங்கப் படிகள் உள்ள இடங்கள் மூன்று: பிலே வாயிலருகே, தென்கிழக்கில் புனித யோவான் கோட்டையருகே, ப்ளோச்சே பக்கம் புனித லூக்கா தேவாலயத்தருகே. பிலேயில் ஏறினால் முதலில் போகார் கோட்டை, அடுத்து திறந்த வெயிலில் நீளும் கடற்பக்க மதில், அதன்பின் பழைய துறைமுகத்தை ஒட்டிய புனித யோவான் கோட்டை. அங்கிருந்து புனித லூக்கா படிகளைக் கடந்த பிறகு, நடையின் மிகச் செங்குத்தான ஏற்றம் மின்செட்டா கோபுரத்தை நோக்கித் தொடங்கும். ஒருமுறை இறங்கிவிட்டால் அதே டிக்கெட்டில் மீண்டும் ஏற முடியாது. குடும்பம் இவ்வளவையும் அறிந்திருக்கவில்லை. மதில் ஒரு வட்டம் என்பதும், சுற்றி முடிக்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதும் மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெரிய கப்பல்கள் மதிலருகே வருவதில்லை. அவை மதில் நகரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குக் குறைவான தொலைவில் உள்ள குரூஷ் துறைமுகத்தில் நிற்கும். அல்லது கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைப் பழைய துறைமுகத்திலேயே இறக்கும். படகில் வந்தவர் நகரின் கிழக்குப் பக்கத்தில் இறங்குகிறார். குரூஷிலிருந்து பேருந்தில் வருபவர் மேற்கே பிலேயில் இறங்குகிறார். திட்டம் போடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன், பெரும்பாலோர் கேட்பதில்லை. இந்தக் குடும்பத்தின் கப்பல் குரூஷில் நின்றது.

காலைப்பொழுது

கப்பல் 7 மணிக்குத் துறைமுகத்தை அடைந்தது. மதில் கோடையில் காலை 8 மணிக்கே திறக்கும். அதற்குள் சென்றிருக்க முடியும்; ஆனால் கைக்கடிகாரத்தில் 8 என்று பார்த்த பெரியவரும், கப்பலிலேயே நிதானமாகக் காலை உணவை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்ற மகனும் அவசரப்படவில்லை. மூத்த பெண்மணி வழக்கம்போல் மாத்திரையை விழுங்கினார். உணவுக்கூடத்தில் கரையிறங்குவோரின் கூட்டம். இரண்டு துண்டு பழமும் ஒரு காபியும் எடுத்துக்கொண்டு, “ஊருக்குள்ள போய் நல்லா சாப்பிட்டுக்கலாம்” என்று எழுந்துவிட்டார். மருமகள் பேத்திக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்ததால் இதைப் பார்க்கவில்லை.

9.10க்குக் கப்பலை விட்டு, பேருந்தில் 9.50க்கு பிலேயை அடைந்தனர். ஒரே நேரத்தில் இரண்டு குரூஸ் கப்பல்கள், சுமார் 4,000 பயணிகள் என்ற வரம்பை நகரம் 2019 முதல் கடைப்பிடிக்க முயல்கிறது. அன்று துறைமுகத்தில் இருந்தவை இரண்டே. இருந்தும் வாயிலின் வளைவுக்குள் நுழையவே நேரம் பிடித்தது.

வாயிலருகே நகரின் வரைபடம் ஒன்று இருக்கிறது. 1991, 1992ஆம் ஆண்டுகளின் முற்றுகையில் எந்தெந்தக் கட்டடம் குண்டுவீச்சில் சேதமடைந்தது என்பதைக் குறியிட்டுக் காட்டுவது. 1991 டிசம்பர் 6ஆம் தேதியன்றுதான் பழைய நகரின் மீது மிகக் கடுமையான தாக்குதல் நடந்தது. பெரியவர் அதன் முன்னே நெடுநேரம் நின்று ஒவ்வொரு குறியையும் பேரனுக்கு விளக்கினார். பயணத்தில் அவர் தேடிவந்ததே அதுதான் என்பதால் அந்த நேரத்தை வீணானது என்று நான் எழுதமாட்டேன். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒனோஃப்ரியோவின் பெரிய நீரூற்றில் புட்டிகளை நிரப்பிக்கொண்டார்கள். 1438இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீரூற்றின் தண்ணீரை இன்றும் குடிக்கலாம். 1317இல் தொடங்கிய பிரான்சிஸ்கன் மடத்து மருந்தகம், ஸ்ட்ராடூன் எனப்படும் நகரின் நடுத்தெரு, ஓர்லாண்டோ தூண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஸ்ட்ராடூனின் சுண்ணாம்புக்கல் தரை பல தலைமுறைகளின் காலடியில் தேய்ந்து கண்ணாடி போல் மின்னுகிறது. மூத்த பெண்மணி அதில் வழுக்காமலிருக்கக் கணவரின் கையைப் பிடித்தே நடந்தார். உணவகங்கள் எதிரே இருந்தும், மதிலை முடித்துவிட்டு உட்காரலாம் என்ற எண்ணத்தில் யாரும் சாப்பிடவில்லை. பெரியவர்களுக்கு மதில் டிக்கெட் அப்போது 35 யூரோவாக இருந்தது. அதே விலைக்கு, மதிலோடு அருங்காட்சியகங்களையும் பேருந்துப் பயணத்தையும் சேர்த்துத் தரும் ஒருநாள் நகர அனுமதிச்சீட்டு கிடைத்ததால் அதையே வாங்கினார்கள். இந்த ஒரு விஷயத்தில் மகன் நன்றாகத் தயார் செய்திருந்தார்.

மதில் மேல்

11.20க்கு பிலே படிகளில் ஏறினார்கள். தொடக்கமே செங்குத்தான படிக்கட்டு. போகார் கோட்டையைத் தாண்டியபோது எல்லோரும் உற்சாகமாக இருந்ததைப் படங்கள் காட்டுகின்றன. கீழே கூரைகளில் சில வெளிறிய பழைய ஓடுகள், சில பளிச்சென்ற செந்நிற ஓடுகள். போருக்குப் பின் மாற்றப்பட்டவை எவை என்று பேரன் கண்டுபிடித்துச் சொன்னான். சற்று முன் பார்த்த வரைபடத்தோடு அவன் ஒப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

கடற்பக்க மதிலில் 12 மணிக்கு நிழல் என்பதே அரிது. மேலே வெயில், காலடியில் சுட்ட கல், ஒருபுறம் கடலின் கண்கூசும் ஒளி. 12.10 அளவில் மூத்த பெண்மணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். மருமகள் வெயில்தான் காரணம் என்று நினைத்து, “அத்தை, தண்ணி குடிங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றார். பெரியவரோ முழங்கால் வலி என்று நினைத்தார். பேரன் வேறொன்றைக் கவனித்தான். பாட்டி புட்டியின் மூடியைத் திருகித் திறந்தார், குடிக்காமலே மூடினார், மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். “நாம எந்தக் கப்பல்ல வந்தோம்?” என்று கேட்டுவிட்டு, பதில் சொன்ன சற்று நேரத்திலேயே அதையே மீண்டும் கேட்டார். நெற்றியில் வேர்வை திரண்டிருந்தது. ஆனால் அவன் பிடித்த கை குளிர்ந்திருந்தது, விரல்கள் நடுங்கின. “அம்மா, பாட்டி சரியா இல்ல” என்று அவன் சொன்னபிறகுதான் மருமகள் குளுக்கோமீட்டரை எடுத்தார். அளவு 58.

முதல் முடிவு: நிற்பதா, நடப்பதா, திரும்புவதா

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அது உடனே கவனிக்க வேண்டிய நிலை. அந்த இடத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. வந்த வழியே பிலேக்குத் திரும்பலாம் என்றார் மகன். எதிரே நெருக்கமாக வரும் கூட்டத்துக்குள், ஒருவழி நடையில், தள்ளாடும் ஒருவரைக் கூட்டிச் செல்வதை மருமகள் மறுத்தார். முன்னே நடந்து புனித யோவான் கோட்டைப் படிகளில் இறங்கிவிடலாம் என்பது இரண்டாவது. அவசர உதவிக்கு 112ஐ அழைப்பது மூன்றாவது.

மருமகள் முடிவெடுத்த வரிசை சரியானது என்பது என் மதிப்பீடு. முதலில் எங்கும் நகராமல், அருகிலிருந்த காவல்மாடத்தின் ஒடுங்கிய நிழலில் உட்காரவைத்தார். பேத்திக்காக வைத்திருந்த பழச்சாறுப் பொட்டலத்தைப் பிரித்து, பேச்சுக்குப் பதில் சொல்கிறாரா, விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே சிறிது சிறிதாகக் குடிக்கவைத்தார். மயங்கியோ விழுங்க இயலாமலோ இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 112ஐ அழைத்திருப்பேன் என்று அவர் பின்னர் சொன்னார். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 81. பேச்சு தெளிந்தது, தான் கேட்ட கேள்வியே அவருக்கு நினைவில்லை. பிஸ்கட் கொடுத்து மேலும் சற்று நேரம் உட்காரவைத்தார்கள்.

இங்கே ஒரு மருத்துவக் குறிப்பு தேவை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் விளைவு பல மணி நேரம் நீடிக்கும். சாறு குடித்து அளவு ஏறினாலும், சாப்பாடு இல்லாவிட்டால் மீண்டும் இறங்கலாம். “சரியாகிவிட்டது, மின்செட்டாவையும் பார்த்துவிடலாம்” என்று மூத்த பெண்மணியே சொன்னார். மருமகள் சம்மதிக்கவில்லை. ஏற்றம் தொடங்கும் முன்பே இறங்கிச் சாப்பிடுவது என்று முடிவாயிற்று.

இரண்டாம் முடிவு: பிரிதல்

12.50க்குக் குழு இரண்டாகப் பிரிந்தது. மகன் பெற்றோருடன் புனித யோவான் கோட்டையில் இறங்குவது, மருமகள் பிள்ளைகளோடு சுற்றை முடிப்பது, 2.45க்கு ஒனோஃப்ரியோ நீரூற்றில் சந்திப்பது. மருமகளின் கைப்பேசியில் வெளிநாட்டு இணைப்பு இல்லை. குளுக்கோமீட்டரைக் கணவரிடம் கொடுத்து, எத்தனை மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுச் சென்றார்.

இந்த முடிவைப் பற்றிக் குடும்பத்துக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எல்லோரும் ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும் என்கிறார் பெரியவர். காலையிலிருந்து பொறுமையாக இருந்த பிள்ளைகளை ஏமாற்ற மனம் வரவில்லை, அத்தையின் நிலையும் தெளிவாகிவிட்டிருந்தது என்கிறார் மருமகள். பிரிந்தது தவறில்லை என்றே எனக்கும் படுகிறது. தொடர்புகொள்ள வழியில்லாமல், நடுவில் திட்டத்தை மாற்ற இயலாதபடி பிரிந்ததுதான் பலவீனம்.

படிகளில் இறங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். மகன் தாய்க்குப் பின்னால் நின்று தோளைப் பிடிக்கவில்லை. இரண்டு படி கீழே, தாயைப் பார்த்தபடி பக்கவாட்டில் இறங்கினார். தாயின் ஒரு கை சுவரிலும் மற்றொரு கை மகனின் தோளிலும் இருந்தன. மகன் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொன்னார். 1.05க்குப் பழைய துறைமுகத்தருகே நிழலில் உட்கார்ந்து சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் முடிவு: எந்த நேரம்

1.20 மணிக்குப் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “மணி ரெண்டே கால் தாண்டிடுச்சே, போக வேணாமா?” என்றார். மகன் கைப்பேசியைப் பார்த்து, “இல்லப்பா, ஒண்ணு இருபதுதான்” என்றார். கடிகாரம் ஓடவில்லையோ என்று சந்தேகப்பட்டு மகன் கேமராவை எடுத்து, காலையில் பிலேயில் எடுத்த படத்தின் நேரத்தைப் பார்த்தார். அதுவும் கைப்பேசியைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவே காட்டியது. அதன் பிறகுதான் படமெடுத்து வைத்த நிகழ்ச்சி நிரல் தாளைப் பெரிதாக்கிப் பார்த்து, சிறு கட்டத்தின் வரியை இந்த முறை புரிந்துகொண்டு படித்தார்.

அதுவரை அவர் மனத்தில் இருந்த கணக்கு: கப்பலேற 4.30 வரை நேரம் இருக்கிறது, 2.45க்குச் சந்தித்து, கடைவீதியைப் பார்த்துவிட்டு, நான்கு மணி அளவில் துறைமுகத்தில் இருந்தால் போதும். உண்மையில் நான்கு மணிக்குக் கப்பல் புறப்பட்டுவிடும். கையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருப்பதாக நினைத்தவருக்கு இரண்டு மணி நேரமே மிச்சம். மனைவியும் பிள்ளைகளும் மதில் மேலே. அவர்களை அழைக்க வழியில்லை.

இந்த இடத்தில் மதிலின் அமைப்பே அவர்களுக்குக் கைகொடுத்தது. நடை ஒருவழி, சுற்றை முடிப்பவர்கள் பிலே படிகளில்தான் இறங்குவார்கள். படிகள் இறங்குமிடமும் சந்திப்பதாகச் சொன்ன நீரூற்றும் அடுத்தடுத்து இருப்பவை. மருமகள் இறங்கியதும், 2.45 வரை நேரம் இருக்கிறதென்று நினைத்து, பிள்ளைகளோடு சிர்ஜ் மலைக்குச் செல்லும் கேபிள் கார் பக்கம் போய்விட வாய்ப்பிருந்தது. அப்படி ஒரு பேச்சு காலையிலேயே நடந்திருந்தது. ஆகவே அவர்கள் இறங்கும் முன்பே அந்தப் படியடியில் நிற்பது என்று மகன் முடிவு செய்தார்.

பெற்றோரைத் துறைமுகத்திலேயே விட்டுச்செல்வது விரைவானது. ஆனால் மீண்டும் கிழக்கே வந்து அவர்களை அழைத்துக்கொண்டு மேற்கே போக வேண்டியிருக்கும். தாய்க்கு மறுபடி தலைசுற்றினால் பெரியவர் தனியாக இருப்பார். அருகிலுள்ள ப்ளோச்சே வாயிலுக்கு வெளியே வாகனம் தேடலாம் என்ற யோசனையையும், அந்தப் பக்கம் ஏற்றம் என்பதால் கைவிட்டார். ஸ்ட்ராடூன் ஏறக்குறைய 300 மீட்டர், சமதளம். 1.40க்கு மீண்டும் சர்க்கரை பார்த்தார்: 118. பிறகு மூவரும் மெதுவாக ஸ்ட்ராடூன் வழியே நடந்து 2 மணி அளவில் நீரூற்றை அடைந்தார்கள். பெற்றோரை நிழல் விழுந்த பக்கத்தில் படியில் உட்காரவைத்துவிட்டு மகன் மதில் படியின் அடியில் நின்றார். 2.10க்குப் பேத்தி முதலில் இறங்கி வந்தாள். மகன் எதிர்பார்த்தபடியே, மருமகள் பிள்ளைகளைக் கேபிள் காருக்குக் கூட்டிப்போகும் எண்ணத்தில்தான் இருந்தார்.

திரும்புதல்

பிலேக்கு வெளியே முதல் பேருந்தில் இடமில்லை. மூன்று பேர் மட்டும் ஏறிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபோது, மறுபடி பிரிவதில்லை என்று மகன் மறுத்துவிட்டார். அடுத்த பேருந்து 2.30க்கு வந்தது. நெரிசலில் ஊர்ந்து 2.55க்குக் குரூஷை அடைந்தது. 3.05க்கு ஆறு பேரும் கப்பலில் இருந்தார்கள். கப்பலேறும் நேரம் முடிய 25 நிமிடம் மிச்சமிருந்தது.

பின் நிகழ்ந்தவை

கப்பலின் மருத்துவர் மூத்த பெண்மணியைப் பரிசோதித்து, அன்றிரவு படுக்கும் முன் ஒருமுறை சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார், மறுபடி இறங்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு அவருடைய வழக்கமான மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அடுத்த துறைமுகத்தில் அவர் கரையிறங்கவில்லை. உடல்நிலை காரணமல்ல, குடும்பம் மறுபடி பதறக் கூடாது என்பதே காரணம் என்றார். அந்த ஒதுங்கல்தான் அன்றைய நிகழ்வின் உண்மையான இழப்பு என்று மருமகள் கருதுகிறார்.

கப்பலைத் தவறவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகன் பிறகு விசாரித்தார். துறைமுக முகவர் வழியாக அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். அவர்களுடைய பயணத்தில் கிரேக்கமும் குரோவேஷியாவும் மட்டும் இருந்தன. 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியாவும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் செல்ல விடும் ஷெங்கன் பகுதி என்பதால் விசாச் சிக்கல் இருந்திருக்காது. அதே கடற்கரையில் மொன்டெநெக்ரோவின் கோட்டோர் துறைமுகமும் சேர்ந்த பயணங்கள் பல உண்டு. மொன்டெநெக்ரோ ஷெங்கனுக்கு வெளியே இருப்பது. ஒருமுறை நுழைவு விசா மட்டும் வைத்திருப்போருக்கு அங்கே நிலைமை வேறு.

மாற்ற வேண்டியவை

குடும்பத்தினரோடு பேசியதில் முதலில் வந்தது மதிலின் நேரம்தான். கப்பல் 7 மணிக்கு வந்துவிட்ட நாளில், 8 மணிக்கு மதில் திறக்கும்போதே ஏறி, கடற்பக்கத்தை 10 மணிக்குள் கடந்துவிட்டு, தெருக்களையும் மடத்தையும் நிழலுள்ள பிற்பகலுக்கு ஒதுக்கியிருக்கலாம். நடக்கும் திறன் வெவ்வேறாக உள்ள குழு, முழுச் சுற்று என்று நினைக்காமல், பிலேயில் ஏறிப் புனித யோவான் கோட்டையில் இறங்குவதையே இயல்பான திட்டமாக வைத்துக்கொள்ளலாம். விரும்புவோர் மட்டும் அங்கிருந்து தொடரலாம். மின்செட்டா ஏற்றத்தைத் தெம்போடு தொடங்க விரும்பும் இளையவர்கள் ப்ளோச்சே பக்கப் படிகளில் ஏறுவது நல்லது. கூட்டமும் அங்கே குறைவு.

மாத்திரையைப் பொறுத்தவரை, சாப்பாட்டுத் தட்டு எதிரே வந்த பிறகே விழுங்குவது என்று மூத்த பெண்மணி தானே வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். இப்போது குளுக்கோஸ் பொட்டலங்கள் இரண்டு பைகளில் தனித்தனியாக இருக்கின்றன.

நேரத்தைப் பற்றி மகன் செய்யும் ஏற்பாடு எளியது. கரையிறங்கும் முன் கைப்பேசியின் தானியங்கி நேர மாற்றத்தை நிறுத்திவிடுகிறார். கப்பலின் வாசலில் உள்ள கடிகாரத்தோடு எல்லோருடைய கடிகாரத்தையும் ஒப்பிட்ட பிறகே இறங்குகிறார்கள். பிரிந்து நடக்கும்போது ஒவ்வொரு பிரிவிலும் இயங்கும் கைப்பேசி ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக மருமகளின் எண்ணுக்கும் வெளிநாட்டு இணைப்பு வாங்கியாயிற்று. பெரியவர் மட்டும் எதையும் மாற்றவில்லை. தன் கைக்கடிகாரத்தை எந்த ஊரிலும் கப்பல் நேரத்திலேயே வைத்திருப்பேன் என்கிறார்; இந்த ஒரு விஷயத்தில் குடும்பம் அவரோடு வாதிடுவதில்லை.